கொளுக்கி போட்ட ஆடுகள்

குற்றவாளிகள் ஐந்து பேரும் கம்பிக் கூட்டுக்குள் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் கவலை இல்லை. தாடி வைத்திருந்தவர் மட்டும் நிமிர்ந்து பார்த்து, வந்தவர்கள் கையில் குழை எதுவும் இல்லை என்று கண்டதும் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

கூட்டின் மேல் ஒரு மட்டை தொங்கியது. தில்லைமுனை பிரதேச சபை கைப்பற்றிய கட்டாக்காலி ஆடுகள் இன்று மத்தியானம் சபை வளவில் பகிரங்க ஏலத்தில் விற்கப்படும்.

கேதீஸ்வரி அதை வாசித்துவிட்டுக் கைப்பையைத் திறந்து வறுத்த கச்சான் கடலைப் பொட்டலத்தை எடுத்தாள். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் நெடுங்காலம் பொய் விபத்துகளைத் தேடித் திரிந்து, அது அலுத்து, மட்டக்களப்பு நகரத்தில் ஒரு தையல் கடையின் மாடியில் சொந்தமாக விசாரணை நிலையம் வைத்திருப்பவள். தங்கள் கடைக்குத் தாங்களே தீ வைத்தவர்களைப் பிடித்திருக்கிறாள். செத்துப்போய் டுபாயில் வேலை பார்த்தவர்களையும் பிடித்திருக்கிறாள். ஆடுகளின் தரப்பில் ஆஜராவது இதுதான் முதல் தடவை.

"என்னைக் கண்டதும் அதுகள்ற முகம் மாறுது அக்கா," என்றான் றிப்ஷான். காத்தான்குடிக்காரன். அவளுடைய உதவியாளன், சாரதி, ஓட்டோவின் சொந்தக்காரன், மூன்றும் அவனே. "ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சிட்டெண்டு ஆராவது அதுகளுக்குச் சொல்லுங்க. நான் சும்மா வந்திரிக்கன்."

கூட்டின் மறுபக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கண்ணகை. ஆடுகளின் சொந்தக்காரி. விடியற்காலையிலேயே பலாக்குழையோடு வந்து கம்பி வழியாக ஊட்டிக்கொண்டிருந்தவள். புருசன் போன பிறகு அவள் வீட்டு அடுப்பு எரிவது இந்த ஐந்தின் பாலிலும் குட்டியிலும்தான்.

நடந்ததை அவள் போனிலேயே சொல்லியிருந்தாள். சுற்றாடல் தினத்தன்று களப்போரத்துப் பூங்காவில் சபை மரக்கன்று நட்டது. பெனர் கட்டி, பேச்சுப் பேசி, எல்லாருக்கும் சோற்றுப் பார்சல் கொடுத்து நட்டது. மறுநாள் காலையில் கன்றுகள் நின்ற இடத்தில் குச்சிகள் நின்றன. குச்சிகளுக்குப் பக்கத்தில் கண்ணகையின் ஆடுகள் நின்றன. அன்றே சபையின் ட்ரக்டர் ஒலிபெருக்கியோடு தெருத் தெருவாகப் போய், இன்னாருடைய கள்ள ஆடுகள் ஊரின் பசுமையை அழித்துவிட்டன என்று அறிவித்தது. தண்டம் கட்டினால் ஆடுகளை விடலாம் என்றார்கள். கண்ணகை கட்டவில்லை.

"கட்டினா களவை ஒத்துக்கொண்ட மாதிரிப் போயிரும் புள்ள," என்றாள் இப்போதும். "எண்ட ஆடு வேலி பாயாது. எந்தக் கோயில்ல வேணுமெண்டாலும் சத்தியம் பண்ணுவன்."

வேலி பாயாவிட்டால் உள்ளே எப்படிப் போயின என்று கேதீஸ்வரி கேட்டாள். கண்ணகை குனிந்து கீழே விழுந்த குழைகளைப் பொறுக்கத் தொடங்கினாள். தனக்கென்ன தெரியும் என்றும், படித்த ஆக்கள் கண்டுபிடிக்கத்தானே வந்திருக்கிறீர்கள் என்றும் குழைகளுக்குச் சொன்னாள்.

ஏலத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஓட்டோ பூங்காவை நோக்கிப் புறப்பட்டது.

செட்டிபாளையம் தாண்டிக் களப்புப் பக்கம் திரும்பினால் தில்லைமுனை. களப்பின் உப்புநீரை ஒட்டி முன்பு கண்டல் காடு அடர்ந்து நின்றது. சபை அதை வெட்டி, கிரவல் நிரப்பி, புல் பதித்து, வாசலில் 'இயற்கையைப் பாதுகாப்போம்' என்று சீமெந்தில் எழுதிவைத்தது. வெட்டிய மரங்களுக்குப் பதிலாக வருடா வருடம் கன்று நடுகிறது. நட்ட கன்று அடுத்த வருடம் இருப்பதில்லை என்பதால் நடுவதற்கு எப்போதும் இடம் இருக்கும்.

கேதீஸ்வரி முதலில் வேலியைச் சுற்றி நடந்தாள். நெருக்கமான கம்பி வலை, மேலே முள்ளுக்கம்பி, எங்கும் ஓட்டை இல்லை. ஆடு பறந்தால்தான் உண்டு. பிறகு வாசலுக்கு வந்தாள். இரும்புக் கேற். வெளிப்பக்கம், அவள் நெஞ்சு உயரத்தில், ஒரு கொளுக்கி. அதைத் தூக்கிப் பார்த்தாள், போட்டுப் பார்த்தாள். இறுக்கமான கொளுக்கிதான்.

உள்ளே புல் கணுக்காலை மறைத்தது. பருவம் தப்பிப் பெய்த மழையில் மதாளித்து நின்றது.

"விருது வாங்கப்போற புல் இதுதானா?" என்றான் றிப்ஷான். வாசலில் கட்டியிருந்த புதுப் பெனரை அவன் வாசித்திருந்தான். மாகாணத்தின் சிறந்த பசுமைத் திறந்தவெளி என்ற விருது தில்லைமுனைக்கு. விருதுக் குழு இன்று பின்னேரம் வருகிறது. "எங்கட வீட்டுக் கூரையில இதைவிட ஒழுங்கா வளந்திரிக்கு."

கேதீஸ்வரி புல்லைப் பார்த்தபடி உள்ளே நடந்தாள். புல்லுக்கு நடுவே ஒரு எருக்கலைப் பற்றை ஆளுயரத்துக்கு நின்றது. தள்ளி இன்னொன்று. வேலி ஓரத்தில் நாயுண்ணிப் பற்றை பூத்துக் குலுங்கியது.

"புல் வெட்டுற மெஷின் எருக்கலைக்கு மரியாதை குடுக்குமா தம்பி?"

"மெஷினுக்கு ஏதுக்கா மரியாதை? எங்க வாப்பாட ரோசாவையே வெட்டினது."

"இஞ்ச வெட்டினது எதுவோ, அது எருக்கலையையும் நாயுண்ணியையும் தொடல்ல. மற்ற எல்லாத்தையும் தொட்டிரிக்கு." அவள் ஒரு குச்சியால் புல்லை விலக்கினாள். அடியில் ஆட்டுப் புழுக்கை. கறுப்பாகக் கொஞ்சம். அதற்கடியில் வெயிலில் வெளுத்து, மழையில் கரைந்து, மண்ணோடு மண்ணாகிப்போனது ஏராளம். "ஒரு நாள் விருந்துக்கு வந்த ஆடு இவ்வளவு போடாது."

றிப்ஷான் காலைத் தூக்கிச் செருப்பின் அடியைப் பார்த்தான். இந்தத் தொழிலில் தடயத்தை மிதிக்கக் கூடாது என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

சபைக்குத் திரும்பினார்கள். அதன் தலைவர், தவிசாளர் நல்லரத்தினத்தின் அறை நல்ல குளிர். வேட்டியும் வெள்ளைச் சட்டையும் கஞ்சி மொடமொடப்பில் நின்றன. விருதுக்காக உடுத்தியது. ஏலம் ஏன் இன்றே என்று கேதீஸ்வரி கேட்டதும் அவர் உற்சாகமானார். பசுமைக்கு எதிரானவர்கள் மீது சபை எடுத்த நடவடிக்கையை விருதுக் குழுவுக்குக் கையோடு காட்டலாம். இதைவிட நல்ல நாள் கிடைக்குமா?

புல் வெட்டுவது யார் என்ற கேள்விக்கும் உடனே பதில் வந்தது. அந்த ஒப்பந்தம், கொந்தராத்து, சுதாகரனிடம். இந்த ஊர்ப் பொடியன்தான். விடிய முதல் வந்து வெட்டிவிட்டுப் போய்விடுவான். சனத்துக்குத் தொந்தரவே இல்லை, மெஷின் சத்தம்கூட ஒருவர் காதில் விழுந்ததில்லை. அவ்வளவு ஒழுங்கு. இந்தப் பத்து நாளாகக் கொஞ்சம் வளர்ந்துதான் கிடக்கிறது. ஏதோ கோயில் வேலை போலிருக்கிறது, இன்றைக்குள் வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

றிப்ஷான் வாயைத் திறந்தான். கேதீஸ்வரி அவன் காலை மிதித்தாள்.

ஆடுகளை முதலில் கண்டது யார் என்று அவள் கேட்டாள். சபைத் தொழிலாளிகள் என்றார் தவிசாளர். கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே போனபோது ஐந்தும் நின்றிருக்கின்றன.

"திறந்துகொண்டா? அப்ப கேற் சாத்தியிருந்ததா?"

"நல்லா இறுக்கிக் கொளுக்கி போட்டிருந்தது. அதாலதான் ஒண்டும் தப்பியோட முடியல்ல," என்றார் பெருமையாக.

மிதித்த கால் எடுபட்டிருந்தது. றிப்ஷான் பேசினான். "ஆடு கேற்றைத் திறக்கும் சேர், நான் பாத்திரிக்கன். ஆனா திறந்து, உள்ள போய், கையை வெளிய நீட்டித் திரும்பக் கொளுக்கி போடுற ஆட்டை ஏலத்தில விடாதீங்க. சேர்க்கஸ்காரன் நல்ல விலைக்கு எடுப்பான்."

தவிசாளர் சிரிக்கவில்லை. கன்றைத் தின்றது ஆடு, ஆட்டின் வாயில் இலை இருந்தது, அதற்குப் போட்டோ இருக்கிறது. கேற்றை யார் சாத்தினால் என்ன? ஏலம் நடக்கும் என்று சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் றிப்ஷான் கவலையோடு கேட்டான், இனி என்ன செய்வது என்று.

"ஏலம் நடக்கட்டும்," என்றாள் கேதீஸ்வரி. "ஏலம் கேக்கிறவன்தான் எனக்கு வேணும்."

"ஆரு கேப்பான்? ஊரில சடங்கு."

"அதாலதான்."

ஊரின் அம்மன் கோயிலில் வருடச் சடங்குக்குக் கதவு திறந்து நாலு நாள் ஆகியிருந்தது. கடைசி நாள் குளிர்த்தி பாடி முடியும்வரை தில்லைமுனையில் மீன் சட்டிகூட அடுப்பில் ஏறாது. இறைச்சியை நினைத்தாலே வாயைக் கழுவுகிற வாரம். வெளியூர் வியாபாரிகளும் வரமாட்டார்கள். பெருநாள் முடிந்து காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வீட்டுக்கு வீடு இறைச்சி நிறைந்து பிரிட்ஜ் மூடாமல் கிடக்கிறது என்று றிப்ஷானே வாக்குமூலம் கொடுத்தான். இந்த மாகாணத்தில் இன்றைக்கு ஆடு வாங்க ஒருவனுக்கும் காரணம் இல்லை. அப்படியும் ஒருவன் கேட்டால் அவனுக்கு வேறு காரணம் இருக்கவேண்டும்.

வளவில் வாகை மரத்தின் கீழ் சனம் கூடியது. எல்லாரும் பார்க்க வந்தவர்கள். தவிசாளர் தானே மணியை எடுத்து அடித்தார். தொடக்க விலையைச் சொன்னார். யாரும் அசையவில்லை. விலையைக் குறைத்தார். ஒரு கிழவர் கொட்டாவி விட்டார், அதை விலை என்று நினைத்துத் தவிசாளர் ஆவலோடு திரும்பினார். கண்ணகை கூட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது தரம் மணி அடித்தபோது பின்னால் ஒரு கை உயர்ந்தது.

நெற்றி நிறையத் திருநீறு. தோளில் மஞ்சள் சால்வை. சடங்குக்கு நோன்பிருக்கிற கோலம். கூட்டம் திரும்பிப் பார்த்தது. சுதாகரன். புல் வெட்டும் கொந்தராத்துக்காரன்.

கேதீஸ்வரி அடுத்த கச்சானை வாயில் போட்டாள்.

"சுதாகரன் தம்பி, கயிறு எங்க?"

அவன் விழித்தான். என்ன கயிறு என்று கேட்டான்.

"அஞ்சு ஆடு வாங்க வந்தவர் ஒரு முழக் கயிறு கொண்டரல்ல. வாசல்ல ஒரு சின்னப் பட்டா லொறி இல்ல. ஏனெண்டா இதுகளை எங்கயும் கொண்டுபோற எண்ணம் உங்களுக்கு இல்ல. வாங்கித் திரும்பவும் பூங்காவுக்குள்ளதான் விடப்போறீங்க. இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள புல் வெட்டவேணுமே."

சனத்துக்குள் முதலில் ஒரு சிரிப்பு. பிறகு பல. சுதாகரன் சால்வையால் முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சடங்கு வாரத்தில் அவனுக்குப் பொய் வராது.

போன வருடம் மெஷின் இறுகிவிட்டது. திருத்தக் கொடுக்க முதல், விருதும் பெனரும் கனவிலும் இல்லாத ஒரு விடியற்காலையில் வந்து நின்றிருக்கிறான். கண்ணகையின் ஆடுகள் வேலிக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. ஒரு நாளைக்குத்தானே என்று கேற்றைத் திறந்தான். புல் அவன் மெஷின் வெட்டியதைவிட அழகாக வந்தது. சத்தமில்லை, எண்ணெய் இல்லை. அதற்குப் பிறகு மெஷினைத் திருத்துவது புத்தியுள்ளவன் செய்கிற வேலையாக அவனுக்குத் தெரியவில்லை. கன்று நடுகிற விழாவுக்குச் சபை ஊரையே கூப்பிட்டது, புல் வெட்டுகிறவனை மட்டும் கூப்பிடவில்லை. அவன் வழக்கம்போலத் திறந்துவிட்டுப் போனான். ஆடுகள் வழக்கம்போல வேலை செய்தன.

தவிசாளரின் முகத்தில் பல நிறங்கள் வந்துபோயின. கடைசியில் அவருக்கு வசதியான நிறம் நின்றது. "அப்ப எல்லாம் இவன்ற வேலை. திறந்ததும் இவன், கொளுக்கி போட்டதும் இவன்."

"இல்ல சேர்," என்றான் சுதாகரன். "திறந்தது நான். சாத்தினது நானில்ல. நான் ஏன் சாத்திறன்? விடிஞ்சதும் அதுகள் வெளியால போனாத்தானே எனக்கு நல்லது. உள்ள நிண்டா ஆக்கள் காணுவாங்க."

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த கச்சான் பாதியில் நின்றது.

அவன் சொன்னது சரி. கேதீஸ்வரி காலையிலிருந்து ஒரு ஆளைத்தான் தேடினாள். இருந்தது இரண்டு ஆட்கள். திறந்து விட்டவனுக்கு ஆடு வெளியே போகவேண்டும். சாத்தினவருக்கு ஆடு வெளியே போகக் கூடாது. அது தெருவில் இறங்கினால் யாருக்கு நட்டம்?

அவள் மெதுவாகத் திரும்பினாள். கண்ணகை களப்பின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். களப்பில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"கொளுக்கி போட்டது நீங்கதானே அக்கா?"

"பின்ன?" என்றாள் கண்ணகை. மறைக்கிறதை விட்டதும் குரலில் பழைய வேகம் வந்துவிட்டது. "இவன் ஆவெண்டு திறந்து போட்டுட்டுப் போறான். அதுகள் றோட்டில இறங்கினா இவரிட ட்ரக்டர் பிடிச்சுக்கொண்டு போயிரும். நான் பின்னால வந்து சாத்திவிட்டு, ஊர் எழும்ப முதல் கூட்டிப் போவன். ஒரு வருசமா ஒரு குறை வந்ததில்ல. நான் வேலி பாயாதெண்டுதான் சொன்னன். பாஞ்சுதா?"

அன்றைக்கு மட்டும் ஏன் பிந்தியது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. பிந்தியது அவள் இல்லை. சபை முந்திவிட்டது. நட்ட மறுநாளே கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற, அதுவும் விடிய முதல், தொழிலாளிகளை அனுப்பியிருந்தது. தில்லைமுனையில் இதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. தன் கடமையைச் சபை செய்த அந்த ஒரு நாளில் அகப்பட்டவள் கண்ணகை.

"நம்மட துப்பு நம்மட ஆளையே பிடிச்சிட்டு அக்கா," என்று றிப்ஷான் கேதீஸ்வரியின் காதுக்குள் சொன்னான். "நான் ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணவா?"

தவிசாளர் மணியைக் கையில் எடுத்தார். அவர் முகம் தெளிந்திருந்தது. ஆட்டுக்காரி தெரிந்தே செய்திருக்கிறாள், அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள், இத்தனை சனம் சாட்சி. சுதாகரன் கேட்ட விலை நிற்கிறது. ஒருதரம் என்றார்.

கண்ணகை கம்பிக்குள் கையை விட்டு ஒரு ஆட்டின் காதைப் பிடித்தாள். பிடித்தபடி நின்றாள்.

இரண்டு தரம்.

"ஒரு நிமிசம் தவிசாளர் ஐயா," என்றாள் கேதீஸ்வரி. "கட்டாக்காலி எண்டா என்ன? ஒலிபெருக்கியில நீங்க சொன்னதை ஒருக்காச் சொல்லுங்க, சனம் கேக்கட்டும்."

அது அவருக்கு மனப்பாடம். காவலின்றிப் பொது இடங்களில் திரியும் கால்நடை என்றார்.

"இதுகளுக்குக் காவல் இல்லையா? உள்ள விட்டது உங்கட கொந்தராத்துக்காரர், உங்கட வேலைக்கு. வெளியால போகாமக் கொளுக்கி போட்டது சொந்தக்காரி. நாலு பக்கமும் வேலி, இறுக்கின கேற், ரெண்டு பேர் பொறுப்பு. இந்த ஊரில இவ்வளவு காவலோட நிண்ட கால்நடை வேற ஒண்டைக் காட்டுங்க பாப்பம்."

யாரும் காட்டவில்லை. சபை வாசலிலேயே இரண்டு மாடு படுத்திருந்தது.

"இன்னொண்டு. ஏலம் விட்டா ஏன் விட்டதெண்டு எழுதிவைக்கவேணும். கன்று திண்டதெண்டு எழுதினா, உள்ள விட்டது ஆர் எண்டும் எழுதவேணும். ஒரு வருசமா அந்தப் புல்லை வெட்டினது ஆர் எண்டும் வந்திரும். அந்தப் புல்லுக்குத்தானே இண்டைக்கு விருது?" அவள் பாதியில் நின்ற கச்சானை வாயில் போட்டாள். "குழு எங்க வந்திட்டாங்களாம்?"

தவிசாளரின் போன் அப்போதுதான் அடித்தது. குழு புறப்பட்டுவிட்டதாம். மணியை மேசையில் வைத்தார், சத்தம் வராமல். பிறகு தானே போய்க் கூட்டைத் திறந்தார்.

ஆடுகள் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக இறங்கின. தாடிக்காரர் கடைசியாக இறங்கி, தவிசாளரின் வேட்டியை ஒருதரம் முகர்ந்து, தின்னத் தகுந்ததில்லை என்று முடிவு செய்தார்.

தவிசாளர் கண்ணகையின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். இவ்வளவு தணிந்த குரலை இந்த ஊர் தேர்தல் காலத்தில் மட்டும்தான் கேட்டிருக்கிறது. குழு வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது என்றார். புல் கிடக்கிற கிடையைச் சொன்னார். ஆடுகளும் பசியோடுதான் இருக்கும், ஒரு மணித்தியாலம் உள்ளே விட்டால் இரண்டு தரப்புக்கும் நல்லது என்றார்.

கண்ணகை முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"கள்ள ஆடெண்டு தெருத் தெருவாச் சொன்னீங்க. கள்ள ஆட்டை நம்பிப் பூங்காவுக்குள்ள விடலாமா? நாளைக்கு ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்றது?"

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஐந்தும் பின்னால் போயின. கேதீஸ்வரியைக் கடக்கும்போது மட்டும் கொஞ்சம் நின்று, நாளைக்குப் பால் கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள். உண்மையை முழுக்கச் சொல்லாததற்கு அது மன்னிப்பாகவும் இருக்கலாம்.

அன்று பின்னேரம் விருதுக் குழுவின் வெள்ளை வான் களப்போரம் வந்து நின்றபோது, கேதீஸ்வரியும் றிப்ஷானும் வீதியின் மறுபக்கம் ஓட்டோவுக்குள் இருந்தார்கள். போயிருக்கலாம். றிப்ஷான் போகவிடவில்லை.

தில்லைமுனை பிரதேச சபை முழுதாகப் பூங்காவுக்குள் நின்றது. நின்றது என்பதைவிடக் குனிந்தது என்று சொல்லலாம். ஆளும் கட்சி ஒரு பக்கம், எதிர்க்கட்சி ஒரு பக்கம், வெள்ளை உடுப்போடு கையால் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சுதாகரன், சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு, எந்த இடம் விடுபட்டது என்று காட்டிக்கொண்டிருந்தான். தவிசாளரின் வேட்டி முழங்கால்வரை பச்சையாகியிருந்தது.

வானிலிருந்து இறங்கிய பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். எத்தனையோ சபைகளுக்குப் போயிருக்கிறார், மாலை போட வரிசையில் நிற்பவர்களைத்தான் கண்டிருக்கிறார். கூட வந்தவர் போட்டோ எடுத்தார். இன்னொருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ்வளவு பெரிய இடத்தை மெஷின் இல்லாமலா பராமரிக்கிறீங்க?" என்று கேட்டார் பெரியவர், தழுதழுத்த குரலில்.

நல்லரத்தினம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார். அந்த நாளில் அவர் சொன்ன முதல் முழு உண்மை அதுதான்.

"ஓம் ஐயா. மெஷினே இல்ல."